குந்திட்டு வரேன்

மழைக்காலத்தில், கால் துடைக்கக் கடை வாசலில் போட்டிருக்கும் கோணிச் சாக்கு ஊறிப்போய் ஒரு வாசனை விடும்; உள்ளே பாய்லர் பக்கமிருந்து டிகாக்‌ஷன் வாசனை கிளம்பி வரும்; இரண்டும் வாசற்படிக்கு நேராக முட்டிக்கொள்ளும். நனைந்த நாய் ஒன்று கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். எனக்குக் காபி என்றால் இன்று வரைக்கும் அந்த இரண்டும் சேர்ந்ததுதான். தனியாகக் காபித்தூளை மோந்து பார்த்து ஆகா என்று கண்ணை மூடுகிறவர்களைப் பார்த்தால், இவர்களுக்குச் சாக்கு கிடைக்கவில்லையே என்று பரிதாபமாக இருக்கும். என் மூக்கு படிக்காத மூக்கு, அதற்கு அவ்வளவுதான் தெரியும். நானே ஆறாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, மூன்றாவது வருஷமும் அங்கேயே இருக்கச் சொன்னதால் மரியாதை கருதி எழுந்து வந்துவிட்டவன்.

அந்தக் கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டித் திரும்புகிற ஒரு தெருமுனையில் இருந்தது. வைத்திருந்தவர் பெயர் ஆரோக்கியசாமி. போர்டு எல்லாம் கிடையாது, "ஆரோக்கியம் கடை" என்றால் எல்லோருக்கும் தெரியும். "இந்தக் கடையில ஆரோக்கியம் இருக்குறது முதலாளி பேர்ல மட்டுந்தான்" என்று அப்பா அவர் காதில் விழும்படியே சொல்வார். அவரும் "அந்தப் பேர்லயாவது நீ கடன் வெக்காத மச்சான்" என்று பதில் சொல்லிவிட்டுக் காபியை ஆற்றிக்கொண்டிருப்பார். அப்பா வீட்டு புரோக்கர். ஊரில் காலியாக இருக்கிற வீடு, காலியாகப் போகிற வீடு, மாமியாரும் மருமகளும் சண்டை போடுவதால் சீக்கிரம் இரண்டாகப் பிரியப் போகிற வீடு என்று எல்லாக் கணக்கும் அவர் தலைக்குள் இருந்தது. ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்த மனிதர் எங்களைக் குடிவைத்திருந்தது, மழை வந்தால் எந்த ஒழுகலுக்கு எந்தப் பாத்திரம் என்று அம்மா முடிவு செய்ய வேண்டிய ஒரு வாடகைப் போர்ஷனில். அவருக்கு ஆபீஸ் கிடையாது. ஆரோக்கியம் கடையின் வாசலோரப் பெஞ்சில், சுவரில் சாய வசதியான அந்த முனைதான் அவர் ஆபீஸ். வீடு தேடி வருகிறவர்கள் "புரோக்கரு கணபதி எங்கங்க?" என்று கேட்டால் ஊர் அந்த முனையைத்தான் காட்டும்.

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் காபி குடிக்கப் போவதாகச் சொல்லி நான் கேட்டதில்லை, வேலைக்குப் போவதாகச் சொல்லியும் கேட்டதில்லை. "கடையில குந்திட்டு வரேன்" என்பார். குந்துவது என்றால் எங்கள் பக்கத்தில் உட்காருவது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதை "அமர்வது" என்று சொல்லிக் கொடுத்தார், ஆனால் கோபம் வந்தால் அவரே "குந்துடா கீழ" என்றுதான் கத்துவார். இந்தச் சொல்லில் ஒரு விவகாரம் இருந்தது. அப்பா கடையில் போய்க் குந்தினால் அது பிழைப்பு. அம்மா அடுப்பு வேலை முடிந்து கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்தால், பக்கத்துப் போர்ஷன் ஆயா எட்டிப் பார்த்து, "என்னாடி, குந்திட்ட? வேல ஒண்ணும் இல்லியா?" என்பாள். சொல் ஒன்றுதான், ஆம்பளைக்குப் போனால் தொழில், பொம்பளைக்கு வந்தால் சோம்பல். இலக்கணத்தில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும். அந்தப் பாடம் வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கடையில் குந்துவதில் என்ன சுகம் என்று கேட்டால், எதுவும் செய்யாமல் இருப்பதற்கு ஊரே ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான் என்று சொல்லலாம். ஒரு பேப்பர் வாங்குவார்கள். அது வந்த வேகத்தில் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போய்விடும். நடுத்தாளில் தொடங்கிய செய்தியின் மிச்சம் யார் கையில் இருக்கிறதோ அவர் அதை உரக்கப் படித்தால்தான் இவருக்குச் செய்தி முடியும். லால்பேட்டையிலிருந்து கைலி மூட்டையோடு வரும் சலீம் பாய், சரக்கைக் கடைகளுக்குப் போட்டுவிட்டு ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு காபிக்கு வந்து குந்துவார். பஸ் வரும், போகும், பாய் அங்கேயே இருப்பார். அப்பாவும் அவரும் எதிரெதிர்க் கட்சி; எந்த விஷயத்தில் என்று கேட்கக் கூடாது, எல்லா விஷயத்திலும்தான். வங்கக் கடலில் ஒரு மேகம் தலைகாட்டினால் போதும், புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். "நாகப்பட்டினந்தான் மச்சான்" என்பார் பாய். "ஒனக்கு எதுவும் ஒங்க ஊருப் பக்கமே போவணும்" என்பார் அப்பா. ஆரோக்கியம் மாமா டம்ளரை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே, "எங்க வேணா கடக்கட்டும்யா, என் கடை கூரைய வுட்டுட்டுக் கடக்கச் சொல்லு" என்பார். நுரை பொங்கிய காபி அவர்கள் முன்னால் வந்து நிற்கும். பேச்சு சூடாக இருக்கிறவரை அதை யாரும் தொட மாட்டார்கள்.

எனக்கு அங்கே நுழைய ஒரு அனுமதிச் சீட்டு இருந்தது, அது அம்மாவின் சின்னத் தூக்குப் பாத்திரம். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு போய் "எங்கம்மாவுக்குப் பார்சல்" என்று நிற்பேன். பெண்கள் யாரும் அந்தக் கடைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுடைய காபியெல்லாம் தூக்கில்தான் நடந்து போகும். நான் வழியில் நாய், வண்டி, சினிமா போஸ்டர் என்று எல்லாவற்றுக்கும் மரியாதை செய்துவிட்டு வீடு போய்ச் சேருவதற்குள் நுரை செத்து, ஆடை கட்டி, மூடியில் வேர்த்திருக்கும். அம்மா அதைத் திரும்பச் சுடவைத்துக் குடித்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்கு யாரு வந்தா? என்னா பேசுனாங்க?"

நான் நடித்துக் காட்டுவேன். பாய் பஸ்ஸைப் பார்த்து எழுந்து, ஒரு பேச்சு ஞாபகம் வந்து மறுபடி குந்துவது, அப்பா பீடியைப் பற்றவைக்காமலே விரலில் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்வது, ஆரோக்கியம் மாமா சிலுவை போட்டுக்கொண்டு பாலில் தண்ணீர் ஊற்றுவது. கடைசி சங்கதி நானாகச் சேர்த்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் மேடையும், இன்றுவரை கிடைத்ததிலேயே நல்ல மேடையும் அந்த அடுப்பங்கரைதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவள் தூக்கைக் கழுவிக்கொண்டே ஒன்று சொல்வாள்:

"ஒரு நாளாவது அங்க வந்து குந்திப் பாக்கணும்டா."

இதை அவள் அப்பாவிடமும் கேட்டாள். அம்மாவுக்கு அப்பா சொந்தத் தாய்மாமன், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் "மாமா" என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் மாமா, நானும் ஒரு நாளு வரட்டா? ஒரு ஓரமா குந்திட்டு வந்துடுறேன்."

"அது என்னா, பொம்பளைங்க வந்து குந்துற எடமாடி?"

"நான் என்ன கல்லாவுலயா குந்தப் போறேன்?"

"நீ வந்து குந்துனா அவுங்க எல்லாம் எந்திரிச்சிருவாங்க. அப்புறம் எங்க பேச்சு, எங்க காபி?"

அவர் சொன்னது கோபத்தில் இல்லை. அதுதான் உலகம் என்று அவர் நம்பினார். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அந்த மார்கழியில் சிதம்பரத்துக்குத் தேர் பார்க்கப் போனபோது, அப்பாவே பெரிய மனசு பண்ணி, "வா, ஒன்னிய இன்னிக்கு ஓட்டல்ல ஒக்கார வெக்கிறேன்" என்றார். அவர் "ஒக்கார" என்று சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கோயில் வீதிக்குப் பக்கத்தில் அந்த ஓட்டல். அப்பா கல்லாவில் போய், "ஃபேமிலியோட வந்திருக்கேன்" என்றார். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் பொண்டாட்டியைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒற்றை ஆள்தான், பேர் ஃபேமிலி. உடனே எங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போய், கை கழுவுகிற இடம் தாண்டி, "ஃபேமிலி ரூம்" என்று எழுதிய ஒரு பெட்டிக்குள் குந்த வைத்தார்கள். ஒரு மேஜை, ஒரு காலண்டர், ஒரு காலத்தில் பச்சையாக இருந்த ஒரு திரை. அப்பா குந்திய வேகத்தில் எழுந்துவிட்டார். யாரோ பண்ருட்டி ஆள், தெரிந்தவர், முன்னால் நிற்கிறாராம். "நீங்க சாப்புடுங்க, நான் இப்டி முன்னால குந்திட்டு வரேன்."

அம்மா திரையை ஒதுக்கிவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் வாசலில் ஒரு துண்டு தெரு தெரிந்தது, கரும்பு விற்கிற கிழவி, தேருக்கு வந்த கூட்டத்தின் கால்கள். சர்வர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்போது திரையை இழுத்து மூடினார். அம்மா மறுபடி ஒதுக்கினாள். அவர் மறுபடி வந்து மூடினார்.

"தொறந்தே இருக்கட்டும்பா, காத்து வரட்டும்" என்றாள் அம்மா.

"மூடி வெச்சாதாம்மா ஃபேமிலி ரூமு. தொறந்துட்டா அது சாதா ரூமு" என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக.

அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "நம்ம அடுப்பங்கரைக்கு ஃபேன் போட்ட மாதிரி இருக்குதுடா" என்றாள். முன்பக்கத்திலிருந்து அப்பாவின் சிரிப்பு கேட்டது. எதற்கென்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பு வந்த பக்கமே திரும்பிக்கொண்டு அவள் காபியைக் குடித்து முடித்தாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார், "எப்டி இருந்துச்சு காபி?" "சூடா இருந்துச்சு மாமா" என்றாள். அதற்குப் பிறகு அவள் குந்துவதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, முகம் கழுவக் குனிந்த அப்பா அப்படியே தொட்டியோரம் சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாயும் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வாய் ஓயாமல் பேசிப் பிழைத்த மனிதருக்கு இப்போது ஒரே ஒரு எழுத்துதான் வந்தது. "கு" என்பார். "கு... கு..." என்று இடது கையை ஆட்டுவார். குடிக்கக் கேட்கிறார் என்று நான் தண்ணீர் கொண்டு ஓடுவேன். இல்லை என்று தலையாட்டுவார். குளிருகிறது என்று அம்மா போர்வையை இழுத்து மூடுவாள். தள்ளிவிடுவார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்ததால் நான் என் அறிவையெல்லாம் திரட்டிக் குடையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். படுத்த படுக்கையில் குடையும் கையுமாக அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை எந்த வாத்தியாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அம்மாதான் கண்டுபிடித்தாள். "குந்தணுமா மாமா?" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். அதுவும் இல்லை. கை வாசலைக் காட்டியது. தெருவைக் காட்டியது. எங்களுக்குப் புரிந்துவிட்டது, புரிந்து என்ன செய்ய? அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சில் வைக்க முடியாது.

கடை அவரைத் தேடி வராமல் இல்லை. ஆரோக்கியம் மாமா மதியத்தில் கடையை விட்டுவிட்டு வருவார், சலீம் பாய் மூட்டையோடு வருவார். ஆனால் கடையில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்காத குறையாகக் கத்துகிறவர்கள், கட்டில் பக்கத்தில் வந்ததும் சர்ச்சுக்குள் நுழைந்த மாதிரி குரலை இறக்கிக்கொண்டார்கள். "மாத்தர சாப்ட்டியா மச்சான்?" என்று பாய் கேட்டார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு வேண்டியது ஆட்கள் இல்லை, அந்தப் பேச்சு. அது பெஞ்சில் மட்டும்தான் விளையும் போலிருக்கிறது. கஞ்சியை வாயில் வைத்தால் ஓரத்தில் வழியவிட்டார். நாளுக்கு நாள் உள்ளே இறங்குவது குறைந்துகொண்டே வந்தது, அம்மா வழிந்ததைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

என்னைக் கடைக்கு அனுப்பினாள், கேட்டு வந்து அவருக்குச் சொல்லச் சொல்லி. நான் என் வழக்கமான நாடகத்தைப் போட்டேன். பாயையும் மாமாவையும் நடித்தேன், பாலில் தண்ணீர் ஊற்றினேன். அப்பா சிரிக்கவில்லை. அங்கேயே வாழ்ந்தவரிடம் அந்த இடத்தைப் பற்றிப் புளுகினால் எடுபடுமா? கண்ணாலேயே "போடா" என்றார். பிறகு இடது கையால் அம்மாவைக் காட்டினார், மூலையில் கவிழ்த்திருந்த தூக்கைக் காட்டினார். "கு... ந்..." என்றார். மறுபடி அம்மாவைக் காட்டினார்.

"நானா? அங்கயா?" என்றாள் அம்மா. "நீதான மாமா சொன்ன, பொம்பளைங்க குந்துற எடமாடின்னு."

அவர் பாதி வாயால் சிரித்தார். மறு பாதி வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, அம்மா முந்தானையால் துடைத்தாள். பிறகு தலையை வாரிக்கொண்டு, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். போன மார்கழியில் தேருக்குக் கட்டின சேலை.

முதல் நாள் நானும் கூடப் போனேன். சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு அவள் படியில் நின்றாள். ஆரோக்கியம் மாமா ஓடி வந்தார். "என்னாம்மா, பார்சலா? பையன அனுப்புனா போதாதா?"

"இல்லண்ணே. கொஞ்ச நேரம் குந்திட்டுப் போலாம்னு வந்தேன்."

கடையில் பேப்பர் மடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. அப்பாவின் முனை காலியாக இருந்தது, அவர் விழுந்த நாளிலிருந்து அதில் யாரும் குந்தவில்லை. சலீம் பாய் எழுந்து தன் தோள் துண்டால் அந்த இடத்தைத் துடைத்தார். "குந்து தங்கச்சி. அது ஒங்க வூட்டு எடந்தான்" என்றார். அம்மா குந்தினாள். நுரையோடு காபி வந்தது. யாரும் எழுந்து போகவில்லை, ஆனால் யாரும் பேசவும் இல்லை. எல்லோரும் காபியைப் பார்த்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற மாதிரி குடித்தார்கள். மழை மட்டும் கூரையில் பேசிக்கொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் கம்முனு இருக்கீங்க? நீங்க பேசுறதக் கேட்டுட்டுப் போயி அவருகிட்ட சொல்லணும்ணே. நீங்க பேசுனாதான் அவருக்கு இன்னிக்குக் கஞ்சி எறங்கும். பேசுங்க."

பாய் தொண்டையைச் செருமினார். எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "என்னா ஆரோக்கியம், இந்தப் பொயலு நாகப்பட்டினந்தான் போவுது போல" என்றார். ஆரோக்கியம் மாமா ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "ஒனக்கு எதுவும் ஒங்க ஊருப் பக்கமே போவணும்" என்றார், அப்பா சொல்ல வேண்டியதை அவர் எடுத்துச் சொன்னார். பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் பாண்டிச்சேரி என்றார். இன்னொருவர் ரேடியோவில் அப்படிச் சொல்லவில்லை என்றார். பேச்சு பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா இருப்பதையே மறந்துபோய் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலில் போகிற பஸ்ஸையும் கத்துகிற வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் கால் நீட்டிக் குந்தி, ஒன்று விடாமல் சொன்னாள். நடிக்கத் தெரியாது அவளுக்கு, சொல்லத்தான் தெரியும். யார் எங்கே குந்தியிருந்தது, யார் எதற்கு என்ன பதில் சொன்னது, எந்த இடத்தில் பாய் பஸ்ஸை விட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையிடையே இடது கை விரல் ஒன்று தூக்கப்படும். அதாவது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா அன்றைக்குக் கஞ்சி கொடுத்தபோது வாய் ஓரத்தைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு தினமும் போனாள். சாயங்காலம் என்னை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு, "குந்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள், அச்சாக அப்பா சொல்வது மாதிரியே. பக்கத்துப் போர்ஷன் ஆயா தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள், "புருசன் படுத்துக்குனான், இவ போயிக் குந்திக்குனா." அம்மா காதில் விழுந்தது. அவள் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தக் கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் நோயாளி ஒருவர் இருப்பதே சாயங்கால நேரத்தில் மறந்துபோகும். அவள் சொல்லிக்கொண்டிருப்பாள், அவர் விரலைத் தூக்குவார், அவள் "அது எப்டி மாமா தப்பாவும்?" என்று சண்டைக்குப் போவாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அதிலும் ஒருவருக்குப் பேச்சே வராது.

கார்த்திகை முடிகிற சமயம். அன்று அம்மா திரும்ப வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது போக நான் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் நடப்பது, கொட்டாவி விடுவது எல்லாம் நடித்துக் காட்டினேன். பாதி வாய் கொஞ்சம் கோணியது. சிரிக்கிறார் என்று எனக்குப் பெருமை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். என் ஜோக்குக்கு ஆட்கள் தூங்குவது புதிதில்லை என்பதால் நானும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அம்மா ஓடி வந்தாள். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு, தலையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க, முகம் முழுக்கச் சிரிப்போடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, மாமா, இன்னிக்கு என்னா நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தாள்.

நான் உதட்டில் விரலை வைத்தேன். "கத்தாதம்மா. அப்பா தூங்குறாரு."

அவள் அங்கேயே நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். பிறகு மெல்ல வந்து அவர் இடது கையை எடுத்தாள்.

சாவுக்கு வந்தவர்கள் அழுகைக்கு நடுவில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். "உசுரு போற நேரத்துல கடையில குந்தியிருந்தாளே." காரியத்தன்று ஆரோக்கியம் மாமா தலையைக் குனிந்துகொண்டு, "எப்ப வேணா வாம்மா, அந்த எடம் அப்டியேதான் இருக்கும்" என்றார். அம்மா தலையாட்டினாள். ஆனால் அந்தத் தெருமுனையில் திரும்புவதையே விட்டுவிட்டாள், பஸ் ஸ்டாண்டுக்குப் போவதென்றால் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு மெஸ்ஸில் மாவரைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்குக் கடையில் என்ன நடந்தது என்று நான் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்கக் கூடாத ஒன்று என்று எனக்கே தெரிந்த ஒரே விஷயம் அது.

இப்போது நான் சிதம்பரத்தில் மினி வேன் ஓட்டுகிறேன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஊர் குந்துவதற்கு நாற்காலி கொண்டு போய்ப் போட்டுவிட்டு, நான் வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பேன். ஆரோக்கியம் மாமா போய்விட்டார். சலீம் பாய் எந்தப் பஸ்ஸில் கடைசியாக ஊர் திரும்பினார் என்று தெரியவில்லை. கடையை யாரோ வாங்கிப் பெஞ்சையெல்லாம் எடுத்துவிட்டார்கள், இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை அடித்திருக்கிறது, காகிதக் கப்பில் வாங்கி நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். காலேஜ் பெண்கள், நர்ஸ் பெண்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் என்று இப்போது யார் வேண்டுமானாலும் போகிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெண்கள் வரலாம் என்று ஆனபோது, குந்த ஒன்றும் மிச்சமில்லை.

போன மழையில் அம்மா கோயிலுக்கென்று சிதம்பரம் வந்திருந்தாள். என் மகள்தான் பிடிவாதமாக எங்களைப் புதிதாகத் திறந்த ஏசி காபிக் கடைக்கு அழைத்துப் போனாள். மெத்தை போட்ட நாற்காலி, வாசலுக்கு நேராக ஆளுயரக் கண்ணாடி, தெரு முழுக்கத் தெரிந்தது. காபி மேல் நுரையில் இலை வரைந்திருந்தார்கள். அதைக் கலைக்கலாமா என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மா நிமிர்ந்து குந்திக்கொண்டு பக்கத்து மேஜைகளைப் பார்த்தாள். எல்லோரும் காதில் எதையோ செருகிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் அவளைக் கடலூரில் விட வேனில் போய்க்கொண்டிருந்தோம்.

"எப்டிம்மா இருந்துச்சு கடை?"

"குந்துறதுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். வைப்பர் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. "குந்திட்டு வந்து யாருகிட்ட சொல்றது?"

"எங்கிட்ட சொல்லும்மா."

"நீயுந்தானடா அங்க குந்தியிருந்த. ஒங்கிட்ட என்னாத்த சொல்றது?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் இது. அதிலிருந்து அப்போது ஒரே ஒரு பதில்தான் வந்தது, அதுவும் நான் யோசித்து வந்ததில்லை.

"அன்னிக்கு நான் இல்லியேம்மா."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் முகத்தில் விழுந்து போனது. தூங்கிவிட்டாளோ என்று நான் திரும்பியபோது சொன்னாள்:

"புருசனும் பொண்டாட்டியுமா ரெண்டு பேரு வந்தாங்கடா. மஞ்சக்குப்பம் பக்கம் வூடு வேணும், புரோக்கர் எங்கன்னு கேட்டாங்க. யாரும் வாயத் தொறக்கல. நான்தான் சொன்னேன், கோயிலுக்குப் பின்னால ஒரு வூடு காலியாப் போவுது, கெணறு இருக்குது, ஒழுவாதுன்னு. ஒங்கப்பா சொல்லிச் சொல்லி எனக்குத் தெரியுமே. கூடவே போயிக் காட்டுனேன். அவுங்களுக்குப் புடிச்சிப் போச்சு. அந்த எடத்துல குந்தி நானே ஒரு வூடு முடிச்சிருக்கேன்டா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத அவருகிட்ட சொல்லத்தான்டா அப்டி ஓடியாந்தேன்."